இங்கிலீஷ் லாரியா, எண்ணூர் லாரியா? காமெட் நின்ற வாசலிலிருந்து

ஆகஸ்ட் 6, காலை (ஒரு வாசகரின் கேள்வி)

பழைய லேலண்ட் காமெட்டைப் பெரியவர்கள் இங்கிலீஷ் லாரி என்கிறார்கள். எண்ணூரில் பூட்டிய வண்டி எப்படி இங்கிலீஷ் லாரி ஆகும்? டாடா-பென்ஸ் வந்ததும் அந்த வண்டிகள் தாக்குப்பிடிக்காமல் ஒழிந்துவிட்டன என்றும் படித்தேன். லாரி வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 6, இரவு

நாங்கள் லாரி வைத்திருந்த குடும்பம்தான். சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் ஊர். எங்கள் அப்பாரு (அப்பாவின் அப்பா) 1968-ல் எண்ணூரிலிருந்து புதுக் காமெட் சேசிஸ் எடுத்துவந்தார். எங்கள் வீட்டின் முதல் லாரி அதுதான். 1986 வரை எங்கள் வாசலில் நின்ற வண்டி.

ஒழிந்துவிட்டது என்பது சரியில்லை. எண்ணூரில் காமெட் பூட்ட ஆரம்பித்தது 1951-ல். டாடா, பென்ஸ் கம்பெனியோடு சேர்ந்தது 1954-ல். அப்புறம் இரண்டும் ஒரே ரோட்டில் பல வருடம் ஓடின. டாடாவுக்கு விலை குறைவு, எடை குறைவு, டீசலும் கொஞ்சம் மிச்சம். காமெட் கனமான வண்டி, இழுவை அதிகம். சிமெண்ட் லோடு அடித்தவர்கள் எங்கள் பக்கம் காமெட்டைத்தான் தேடினார்கள். டாடா வைத்திருந்தவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள், சொல்லட்டும்.

இனி இங்கிலீஷ் லாரியா என்ற கேள்வி. ரகுநந்தன் சரண் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் முதலில் பூட்டியது ஆஸ்டின் ஏ40 கார். பிறகு லேலண்ட் கம்பெனியோடு ஒப்பந்தம். கப்பலில் பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை எண்ணூரில் பூட்டி காமெட் என்று வெளியே விட்டார்கள். 1955-ல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியது. அதன்பின் பாகங்களை ஒவ்வொன்றாக இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். அதனால் 1951 வண்டியை இங்கிலீஷ் லாரி என்றால் ஒத்துக்கொள்ளலாம். 1968 வண்டியை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் எங்கள் வண்டியைப் பதினோரு வருடம் ஓட்டிய டிரைவர் மாமா கடைசிவரை "இங்கிலீஷ்காரன் வண்டி" என்றுதான் சொன்னார். எங்களுடையது 370 இன்ஜின். அது மாடல் நம்பர்.

ஆகஸ்ட் 7

நேற்று அவசரத்தில் சேசிஸ் என்று ஒரே வார்த்தையில் தாண்டிவிட்டேன். இன்றைய பிள்ளைகளுக்கு அது புரியாது. அன்று கம்பெனி கொடுத்தது இரண்டு நீள இரும்புச் சட்டம், இன்ஜின், கியர் பாக்ஸ், சக்கரம், ஸ்டியரிங், முன்னால் ஒரு முகம், அவ்வளவுதான். கேபின் கிடையாது. கண்ணாடி, கதவு, கூரை எதுவும் கிடையாது. டிரைவர் உட்கார சீட்டும் இல்லை.

எண்ணூரிலிருந்து அப்படியே ஓட்டிக்கொண்டு வரவேண்டும். டிரைவர் மாமா ஒரு மரப்பெட்டியைச் சேசிஸில் கயிறு போட்டுக் கட்டி, அதன்மேல் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்தாராம். தலையில் துண்டு, அதன் முனையை வாயோடு சேர்த்துக் கட்டு. கண்ணுக்கு வெல்டிங் பட்டறையில் கடன் வாங்கிய கண்ணாடி. எங்கள் அப்பாவுக்கு அப்போது 19 வயது. பின்னால் சட்டத்தின்மேல் பலகை போட்டு உட்கார்ந்து வந்தார். விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, சேலம். பகலில் வெயில், சாயங்காலம் முகத்தில் பூச்சி, உளுந்தூர்பேட்டை தாண்டி மழை. மழையில் நனைந்துகொண்டே காலை மட்டும் இன்ஜின் பக்கம் நீட்டிச் சூடு காய்ந்தேன் என்று அப்பா இப்போதும் சொல்வார். அந்தச் சூடு அவ்வளவு சுகமாக இருந்ததாம்.

வண்டி நேராக நாமக்கல் பாடி பட்டறைக்குப் போனது. தேக்குச் சட்டம், வேப்பம்பலகை, மேலே தகரம். கேபினுக்குள் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கிளீனர் படுக்க ஒரு பலகை. நெற்றியில் எழுதவேண்டியதை அப்பத்தா சொல்லி அனுப்பியிருந்தார்: அம்மன் துணை. ஆகவே கேள்விக்கு இன்னொரு பதிலும் உண்டு. இன்ஜின் வரைபடம் அவர்கள் ஊர். டிரைவர் உட்கார்ந்த கூண்டு நாமக்கல் ஆசாரி இழைத்தது.

ஆகஸ்ட் 9

திருத்தம். 370 மாடல் நம்பர் என்று எழுதியது முழுசாகச் சரியில்லை. அது சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு, கன அங்குலத்தில். லிட்டரில் ஆறுக்குக் கொஞ்சம் மேல். 1947-ல் இங்கிலாந்தில் வந்த முதல் காமெட்டில் 300, ஐந்து லிட்டருக்குக் கொஞ்சம் கீழ், 75 குதிரைச் சக்தி. அப்புறம் 350, அப்புறம் 370. சங்ககிரி மெக்கானிக் ஒருவர் போன் செய்து சொன்னார். முப்பது வருடம் அந்த இன்ஜினைக் கழற்றி மாட்டியவர், அவர் சொன்னால் சரிதான்.

ஆகஸ்ட் 13

பெயர்களைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். லேலண்ட் என்பது ஆள் பெயர் இல்லை, ஊர் பெயர். இங்கிலாந்தில் லங்காஷயரில் இருக்கிற சிறிய ஊர். 1896-ல் நீராவி வண்டியில் ஆரம்பித்தவர்கள் 1907-ல் ஊரின் பெயரையே கம்பெனிக்கு வைத்துக்கொண்டார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் தறிப் பட்டறைக்கு ஊர்ப்பெயர் வைப்பது மாதிரி.

வண்டிகளுக்கு மிருகப் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். பஸ் என்றால் டைகர், லயன், லெபர்டு. லாரி என்றால் பீவர், பஃபலோ, ஹிப்போ, ரைனோ, எட்டுச் சக்கர வண்டிக்கு ஆக்டோபஸ். காமெட் மட்டும் வானத்திலிருந்து வந்த பெயர். எண்ணூரிலும் பீவர், ஹிப்போ எல்லாம் செய்தார்கள். ஹிப்போ டிப்பர் ராணுவத்துக்குப் போனது. எங்கள் அத்தை சின்ன வயதில் காமெட் என்றால் லாரிக்கு இங்கிலீஷ் வார்த்தை என்றே நினைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் லாரி படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்க, "காமெட்டுங்க சார்" என்றாராம். வாத்தியார் சிரித்துவிட்டு அதையும் சரி என்று டிக் போட்டார்.

ஆகஸ்ட் 20

அப்பத்தாவின் நோட்டைத் தேடி எடுத்தேன். மாட்டுக்கொட்டகைப் பரணில், தகரப் பெட்டியில் ஏழு நீள நோட்டுகள். ஓரத்தில் டீசல் கறை. வண்டி வந்து நின்றதும் டிரைவர் மாமா கைகூடக் கழுவாமல் கணக்குச் சொல்வார், அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து எழுதுவார். அதனால் கறை அவர் விரல்பட்டது. பில்லை நீட்டும்போது நோட்டிலும் பட்டிருக்கிறது.

அப்பத்தா மூன்றாம் வகுப்பு. எழுத்து கோணல், ஆனால் கூட்டலில் இதுவரை ஒரு பிசகும் நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே பிள்ளையார் சுழி. கீழே டிரிப். "கொச்சி போய் வந்தது" என்று தலைப்பு. டீசல், டிரைவர் பேட்டா, கிளீனர் பேட்டா, வாளையார், குதிரான் சாமிக்கு, டயர் ஒட்டு, தார்ப்பாய் கயிறு.

நான் உட்கார்ந்து படித்துக்கொண்டே இருந்தது வலது பக்கக் கணக்கை. அதற்கு "வீடு" என்று தலைப்பு. அப்பத்தா லாரியைத் தனி ஆளாக வைத்துக் கணக்கு எழுதியிருக்கிறார். வண்டிப் பணத்தில் வீட்டுக்கு எதை எடுத்தாலும் அது கடன். "மாரியம்மன் நோம்பிக்குத் துணி 84 ரூ. வண்டிக்குத் தரவேண்டியது." "சின்னவன் பள்ளிக்கூடச் சம்பளம் 6 ரூ. வண்டிக்குத் தரவேண்டியது." அந்தச் சின்னவன் என் சித்தப்பா. எருமை கன்று விற்ற வாரம் "வண்டிக்குக் கொடுத்தாச்சு" என்று இரண்டையும் அடித்திருக்கிறார். லாரிக்கு டயர் வாங்கப் பணம் எப்போதும் இருந்தது எப்படி என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. பக்கத்தில் நான்கு வண்டி வைத்திருந்தவர்களெல்லாம் பைனான்ஸில் மாட்டியபோது எங்கள் ஒற்றை வண்டி நின்றது இந்த வலது பக்கத்தால்.

வண்டி வாங்கின பணமும் இதில் இருக்கிறது. அப்பாரு வாங்கினார் என்று முதல் நாள் எழுதினேன். முதல் நோட்டின் முதல் பக்கம்: "என் நகை 31 பவுன். கிணற்றுமேட்டுக் காடு ஒரு ஏக்கர். மீதி பைனான்ஸ்." ஆகவே அந்த வரியைத் திருத்துகிறேன். அப்பத்தா வாங்கினார், அப்பாரு எடுத்துவந்தார்.

ஆகஸ்ட் 21

இன்னொரு திருத்தம், இது பெரியது. நேற்று எழுதியதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே நிறுத்தி, "முதல் லாரி காமெட்டுன்னு யாரு சொன்னா? பெட்ஃபோர்ட மறந்துட்டீங்களா?" என்றார்.

காமெட்டுக்கு முன்னால் ஒரு பெட்ஃபோர்டு இருந்திருக்கிறது. அப்பாருவும் அவர் தம்பியும் கூட்டாக வாங்கிய பழைய வண்டி. பெட்ஃபோர்டு லூட்டன் பக்கத்து வண்டி, வாக்ஸ்ஹால் கம்பெனியுடையது. முதலில் பெட்ரோல் இன்ஜின். பெட்ரோல் போட்டுக் கட்டுபடியாகாமல் அதைக் கழற்றிவிட்டு சென்னையில் சிம்ப்சன் கம்பெனி செய்த பெர்கின்ஸ் பி6 டீசல் இன்ஜினை வைத்தார்கள். அந்தக் காலத்தில் பல பேர் அப்படித்தான் செய்தார்கள். பி6 சத்தம் தறி ஓடுவது மாதிரி இருக்கும் என்கிறார் அத்தை.

1967-ல் அண்ணன் தம்பி பாகம் பிரிந்தது. பெட்ஃபோர்டு தம்பிக்கு. கிணற்றுத் தண்ணீரில் தகராறாகிப் பேச்சுவார்த்தை நின்றது. எங்கள் வீட்டில் அந்த லாரியைப் பற்றிப் பேசுவதே இல்லாமல் போனது, அதனால் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அத்தை சொன்னதில் மனதில் நின்றது இதுதான். பேச்சு நின்ற பிறகும் ரோட்டில் காமெட்டும் பெட்ஃபோர்டும் எதிர் எதிரே வந்தால் இரண்டு பேரும் ஹாரன் அடிப்பார்களாம். இரண்டு அடி, நிறுத்தி ஒரு அடி. வீட்டுக்கு வந்தால் ஒரு வார்த்தை கிடையாது.

செப்டம்பர் 3

மலை ஏறுவதைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டவருக்கு.

எங்களுக்கு மூன்று மலை. சேலத்துக்கு வடக்கே தொப்பூர், கொச்சி ரோட்டில் குதிரான், மைசூர் ரோட்டில் திம்பம். தொப்பூரில் இறங்கும்போதுதான் பயம். குதிரானில் நெரிசல். கோயில் முன்னால் வேகம் குறைத்துக் காசு போட்டுவிட்டுப் போவார்கள். இப்போது அங்கே சுரங்கப்பாதை வந்துவிட்டது. 2021-ல் ஒரு பக்கம் திறந்தார்கள். திம்பம்தான் ஏறக் கஷ்டம். பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டு ஏற ஆரம்பித்தால் 27 கொண்டை ஊசி வளைவுகள்.

காமெட்டில் வேக்குவம் பிரேக். இன்ஜின் ஓடுகிறவரைதான் பிரேக்கில் உயிர். நடு ஏற்றத்தில் இன்ஜின் நின்றுவிட்டால் இரண்டு மிதி மிதிக்கலாம், மூன்றாவது மிதியில் பெடல் கல் மாதிரி நிற்கும். வண்டி பின்னால் நகரும். ஹேண்ட் பிரேக் முழு லோடைப் பிடிக்காது. அதற்குத்தான் கிளீனர் கையில் கட்டை.

சக்கரக் கட்டை பார்க்காதவர்களுக்கு: முக்கோணமாகச் செதுக்கிய புளியமரத் துண்டு. ஒரு முழம் நீளம், ஒரு பக்கம் சரிவு, கைப்பிடிக்கு ஒரு கயிறு. ஏற்றம் கடுமையான வளைவு வந்ததும் கிளீனர் கேபினிலிருந்து குதித்து வண்டிக்குப் பக்கத்திலேயே நடப்பார். பின் சக்கரத்துக்கு ஒரு சாண் பின்னால் கட்டையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டே. வண்டியும் நடைவேகம்தான், முதல் கியர். டிரைவர் வெளியே தலையை நீட்டி "போடு" என்றால் அந்த நொடியில் கட்டை சக்கரத்துக்கு அடியில் போகவேண்டும். கையை எடுக்கவும் வேண்டும். எங்கள் கிளீனராக இருந்த அண்ணனுக்கு இடது கையில் இரண்டு விரல் நகமே கிடையாது. கேட்டால் "திம்பத்துல குடுத்துட்டு வந்தேன்" என்பார்.

கியர் மாற்றுவதும் ஒரு வேலை. கிளச்சை மிதித்து நியூட்ரல், கிளச்சை விட்டு ஆக்சிலேட்டர் ஒரு தட்டு, மறுபடி கிளச், அப்புறம்தான் கீழ் கியர். இன்ஜின் சத்தம் சரியான சுதிக்கு வந்தால் லீவர் இரண்டு விரலில் விழும். வராவிட்டால் பல் அரைக்கும் சத்தம் அடுத்த வளைவு வரை கேட்கும். டிரைவர் மாமா ஏற்றத்தில் பேசமாட்டார், யாரையும் பேசவும் விடமாட்டார். காதுதான் வண்டி ஓட்டுகிறது என்பார்.

எங்கள் வீட்டில் இன்னும் ஒரு கட்டை இருக்கிறது. அதில் பச்சைப் பெயிண்ட். எங்கள் வண்டி நீலம். ஏன் பச்சை என்று அப்பாவுக்கும் தெரியவில்லை.

செப்டம்பர் 4

திம்பம் என்று எழுதியதும் எங்கள் வீட்டுப் பழைய கதை ஞாபகம் வந்தது. தம்பியின் பெட்ஃபோர்டு ஒருமுறை திம்பத்தில் ஆக்சில் உடைந்து நின்றதாம். பின்னால் வந்த அப்பாரு பேசாமல் இறங்கி, கட்டை போட்டு, சங்கிலி கட்டி இழுத்து மேலே கொண்டுபோய் விட்டாராம். ஒரு வார்த்தை பேசவில்லையாம். எங்கள் வீட்டில் எல்லோரும் இதைச் சொல்லி வளர்ந்தோம்.

செப்டம்பர் 17

என் அக்கா மகன் இங்கிலாந்தில் பிரஸ்டனில் வேலையில் இருக்கிறான். இதையெல்லாம் படித்துவிட்டு, "மாமா, லேலண்ட் இங்கிருந்து பக்கம்தான், போய்ப் பார்த்துட்டு வரேன்" என்றான். அங்கே பழைய லாரிகளுக்கென்றே மியூசியம் இருக்கிறது, பழைய லேலண்ட் தொழிற்சாலைக் கட்டிடத்தில். நேற்று போய்விட்டு வீடியோவில் காட்டினான். நீராவி வண்டிகள், தீயணைப்பு வண்டிகள், 1982-ல் போப் இங்கிலாந்து வந்தபோது அவர் நின்றுகொண்டு போன லேலண்ட் வண்டி. நான் கேட்டது ஒன்றே ஒன்று, கேபினைக் காட்டு என்றேன். இரும்புக் கேபின், கதவு, கண்ணாடி, எல்லாம் கம்பெனியே கொடுத்தது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். மரப்பெட்டியில் உட்கார்ந்து வந்ததை அவனுக்கு மறுபடி ஒருமுறை முழுசாகச் சொன்னார்.

அந்த ஊரில் இப்போதும் லாரி செய்கிறார்கள், ஆனால் டாஃப் என்ற பெயரில். லேலண்ட் லாரி கம்பெனி 1987-ல் டாஃபோடு சேர்ந்தது, அந்தக் கூட்டு 1993-ல் நொடித்தது, 1998-ல் அமெரிக்காவின் பக்கார் வாங்கியது. லேலண்ட் என்ற பெயரை நெற்றியில் போட்டுக்கொண்டு லாரி வெளியே வருவது இப்போது நம் பக்கத்தில்தான். இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் சந்தோஷப்படவில்லை. "பாவம், அந்த ஊர்க்காரங்களுக்கு எப்படி இருக்கும்" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அக்டோபர் 1

மியூசியத்தில் அக்கா மகன் ஒரு பெரியவரைச் சந்தித்திருக்கிறான். எண்பது தாண்டியவர். அவருடைய அப்பா ஒற்றை லாரி வைத்திருந்தவராம். இரண்டாவது முறை போனபோது உட்காரவைத்துப் பேசியிருக்கிறார். அவன் எழுதி அனுப்பியதிலிருந்து கொஞ்சம்.

அங்கே 1947-ல் ஒரு சட்டம் வந்தது. தூரப் பயணம் போகிற லாரிக் கம்பெனிகளை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. கையில் மிஞ்சிய தனியார் லாரி, இருக்கிற இடத்திலிருந்து 25 மைலுக்குள்தான் வாடகைக்கு ஓடலாம். மீறிப் போக அனுமதி வேண்டும். 1953-ல் வேறு சட்டம் போட்டு லாரிகளைத் திரும்ப விற்க ஆரம்பித்தார்கள். அந்தப் பெரியவரின் அப்பா அந்தக் கட்டுப்பாடு இருந்தவரை 25 மைலுக்குள் நிலக்கரியும் உருளைக்கிழங்கும் அடித்தே வீட்டை ஓட்டியிருக்கிறார். இதைப் படித்ததும் நம் பெர்மிட் ஞாபகம் வந்தது. 1975-ல் நேஷனல் பெர்மிட் வரும்வரை ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியாக அலைந்தவர் அப்பாரு.

வேகத்துக்கும் அங்கே கட்டுப்பாடு. கனரக லாரிகள் மணிக்கு 20 மைலுக்கு மேல் போகக் கூடாது, 1957 வரை. கிலோமீட்டரில் 32. வடக்கே ஸ்காட்லாந்துக்குப் போகிற பழைய ரோட்டில் ஷாப் என்று ஒரு மேடு. சுமார் 1,400 அடி உயரம். குளிர்காலத்தில் பனி மூடினால் லாரிகள் வரிசையாக நின்றுவிடும். 1970-ல் பக்கத்தில் பெரிய சாலை வந்தபின் அந்த ரோடு அமைதியாகிவிட்டது. இப்போது அங்கே ஒரு நினைவுக்கல் இருக்கிறது, அந்த ரோட்டில் வண்டி ஓட்டியவர்களுக்காக. பனியில் மாட்டியவர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்த உள்ளூர்க்காரர்களையும் அதில் நினைத்திருக்கிறார்கள். திம்பத்தில் மாட்டிய டிரைவர்களுக்கு ஆசனூர்க்காரர்கள் களியும் தண்ணீரும் கொடுத்ததை டிரைவர் மாமா சொல்லியிருக்கிறார். அவர்களுக்கும் ஒரு கல் வைக்கலாம், வைக்கவேண்டும்.

இவ்வளவும் கேட்டபின் அக்கா மகன் எனக்காக ஒன்று கேட்டிருக்கிறான்: உங்கள் வீட்டில் கணக்கு யார் எழுதினார்கள்? "அம்மா. சமையலறை மேஜையில். அப்பாவுக்கு டீசல் எவ்வளவு பிடிக்கிறது என்றே தெரியாது" என்றாராம்.

அக்டோபர் 2

முதல் நாள் கேள்வியை மறுபடி படித்தேன். அன்றைக்கு வருடத்தையும் பாகத்தையும் வைத்து இது இங்கிலீஷ், இது இல்லை என்று பிரித்தேன். இப்போது அப்படிப் பிரிக்க எனக்கு விருப்பம் குறைந்துவிட்டது. லங்காஷயரில் ஒரு அம்மா மேஜையில் எழுதிய கணக்கும் எங்கள் அப்பத்தா திண்ணையில் எழுதிய கணக்கும் ஒரே வண்டி இனத்தைத்தான் ஓட்டியிருக்கின்றன. டிரைவர் மாமா "இங்கிலீஷ்காரன் வண்டி" என்றதை நான் தப்பு என்று நினைத்திருந்தேன். அவர் மரியாதையாகச் சொன்ன சொல் அது, அதை நான் திருத்த வேண்டியதில்லை.

அக்டோபர் 23, ஆயுத பூஜை

இன்றைக்கு ஊரில் எல்லா லாரிக்கும் சந்தனம், வாழைக்கன்று, பூசணிக்காய். எங்கள் வாசலில் கார் மட்டும். அப்பா ஸ்டார்ட்டிங் ஹேண்டிலையும் அந்தப் பச்சைக் கட்டையையும் கழுவிப் பொட்டு வைத்தார். இரண்டுக்கும் எலுமிச்சை.

நேற்று இரவு மூன்றாவது நோட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். 1971, ஆடி மாதம். "மைசூர் போய் வந்தது. சிமெண்ட். திம்பம் ஒன்பதாம் வளைவு, ஆக்சில் ஒடிந்தது. புது ஆக்சில். சத்தி போய்வர தம்பி வண்டிக்கு டீசல், கொடுத்தோம், வாங்கவில்லை."

மூன்று முறை படித்தேன். ஆக்சில் உடைந்தது எங்கள் காமெட்டுக்கு. சத்தியமங்கலம் இறங்கிப் போய் ஆக்சில் வாங்கிவந்தது தம்பியின் பெட்ஃபோர்டு. செப்டம்பர் 4-ல் நான் எழுதியது தலைகீழ். இத்தனை வருடம் எங்கள் வீட்டில் தலைகீழாகவே சொல்லியிருக்கிறோம். அப்பத்தா மட்டும் உள்ளதை எழுதி வைத்திருக்கிறார், டீசலுக்குப் பணம் வாங்காததையும் சேர்த்து.

அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு நோட்டை மூடிக் கொடுத்தார். சாயங்காலம்தான் பேசினார். "அப்பாருதான் அப்படி மாத்திச் சொன்னாரு. நான் அப்பவே நெனச்சேன், அந்த பெட்ஃபோர்டு எங்கடா ஆக்சில் ஒடியும், லோடே பாதிதான ஏத்துவாரு."

நவம்பர் 5

விற்றதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, சுருக்கமாக. 1985-ல் ஒரு புக்கிங் ஆபீஸ் ஏழு டிரிப் வாடகையைத் தராமல் கடையை மூடிவிட்டுப் போய்விட்டது. டயர் தேய்ந்து, எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று) வந்த நேரம். அப்பத்தா வலது பக்கத்தில் எடுத்துக் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. 1986 தையில் வண்டியைக் கொடுத்தோம். வாங்க வந்தவர் ஓட்டிப்போகும்போது அப்பாரு தோட்டத்துக்குப் போய்விட்டார். அப்பத்தா வாசலில் நின்று, ரோடு திரும்பும்வரை பார்த்துவிட்டு, வண்டி நின்ற இடத்தில் ஆயில் சொட்டிய மண்ணை வெட்டி எடுத்துவிட்டுச் சாணி தெளித்தார். கடைசி நோட்டில் கடைசி வரி: "வண்டிக்குத் தரவேண்டியது 140 ரூ. கோயில் உண்டியலில் போட்டாச்சு."

நவம்பர் 13

தீபாவளிக்கு மறுநாள். அப்பாவை அழைத்துக்கொண்டு சின்ன அப்பாரு (அப்பாருவின் தம்பி) வீட்டுக்குப் போனோம். அவர் இல்லை, அவர் மகன் இருக்கிறார், எனக்குச் சித்தப்பா முறை. கல்யாணத்தில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி, வீட்டுக்குள் போனது இதுதான் முதல் முறை. நோட்டைக் கையில் கொண்டுபோயிருந்தோம். அப்பா அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் மடியில் வைத்து, "இத பாருங்க தம்பி" என்றார்.

சித்தப்பா படித்துவிட்டு எழுந்து பின்பக்கம் கூட்டிப்போனார். மாட்டுக்கொட்டகைக் கதவுக்கு அண்டை கொடுத்து ஒரு சக்கரக் கட்டை. மேலே சாணிக்கறை. காலால் புரட்டினார். அடிப்பக்கத்தில் நீலப் பெயிண்ட், அதன்மேல் வெள்ளையில் எங்கள் வண்டி நம்பர், பாதி அழிந்தது.

அன்று ஒன்பதாம் வளைவில் காமெட்டின் இரண்டு பின் சக்கரத்துக்கும் இரண்டு வண்டிக் கட்டையையும் போட்டிருக்கிறார்கள். ஆக்சில் மாட்டி முடிக்கும்போது இருட்டிவிட்டதாம். கிளம்பும் அவசரத்தில் கட்டை மாறிவிட்டது. பெட்ஃபோர்டு பச்சை. பேச்சில்லாததால் யாரும் போய்க் கேட்கவில்லை, யாரும் கொண்டுவந்து கொடுக்கவும் இல்லை.

சித்தப்பா துடைத்து எடுத்துக் கொடுக்கப் போனார். அப்பா வேண்டாம் என்றார். கதவு ஆடும், இருக்கட்டும், பொங்கலுக்கு வரும்போது உங்களுடையதைக் கொண்டுவருகிறேன், அப்போது மாற்றிக்கொள்ளலாம் என்றார். காபி சாப்பிட்டோம். கிளம்பும்போது அப்பா காரின் ஹாரனை அடிக்கச் சொன்னார். இரண்டு அடி, நிறுத்தி ஒரு அடி.